தமிழ்ச்செல்வி பிடித்த கால்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. அதை இப்போதே சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறையும். என் மச்சினி மகள் எழிலரசி கடலூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தவள், நெத்திலிக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்தாள்.

“ஏன் பெரியப்பா, ஒங்க கதையில எப்பப் பாத்தாலும் யாராவது செத்துப்போறாங்க. இல்லன்னா ஜன்னல்கிட்ட நின்னு மழையப் பாக்குறாங்க. எங்க டீமப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன். நாங்கல்லாம் உயிரோடதான இருக்கோம்?”

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் எழுதுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளியில் பதினோரு மான்கள்—’

போனில் படித்துக் காட்டினேன். “எங்க கிரவுண்டுல ஏது பெரியப்பா புல்லு? நெருஞ்சி முள்ளுதான் இருக்குது. இதுல மான் வேறயா? எங்க கோல்கீப்பரப் பாத்தா நீங்க இப்புடி எழுத மாட்டீங்க.”

இரண்டாம் தொடக்கம்: ‘கால்பந்து என்பது வெறும் விளையாட்டு அல்ல, அது—’ [இதை நானே நிறுத்திவிட்டேன். விளையாட்டு வெறும் விளையாட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?]

கேப்டன்தானே கதாநாயகி என்று நினைத்து, மூன்றாவது தொடக்கத்தை எழிலரசியை வைத்தே எழுதினேன். அதற்கும் திட்டு விழுந்தது. “நான் என்னா பண்ணேன்? ஓடுனேன், மூச்சு வாங்குனேன். கத தமிழோடது. அவள எழுதுங்க.”

ஆகவே தமிழ்ச்செல்வி.

2

தமிழ்ச்செல்வி பண்ருட்டிப் பக்கத்துப் பெண். ஆறாம் வகுப்பிலிருந்து கபடி. கோட்டைத் தாண்டி ‘கபடி கபடி’ என்று பாடி வருகிற எதிரணிக்காரியைக் கணுக்காலில் பிடித்துக் கவிழ்ப்பதில் அவளை மிஞ்ச சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. கல்லூரியில் சேர்ந்ததும் கபடிக்காகத்தான். கால்பந்தை அதுவரை அவள் தொட்டதுகூட இல்லை.

கால்பந்து அணியிலோ கோல்கீப்பரே இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் ஆரோக்கியராஜ், எல்லாருக்கும் பி.டி. சார், ஒருநாள் கபடிக் களத்தின் ஓரமாக வந்து நின்றார். அங்கிருந்து தடுப்பாட்டத்துக்கென்று இரண்டு பேரை ஏற்கெனவே தள்ளிக்கொண்டு போயிருந்தார். இப்போது அவர் கண் தமிழ்ச்செல்வி மேல் விழுந்தது.

“பந்து புடிப்பியாம்மா?”

“எது வந்தாலும் புடிப்பேன் சார்.”

“அது போதும், வா.”

பந்தைப் பிடித்தாள். பிரச்சினை அதுவல்ல. பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருத்தி தனியாக எதிரே ஓடிவந்தால் இவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பி.டி. சார் தலையில் கைவைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் ஒரு வழி சொன்னார்.*

“கபடியில பயப்படுறியா? இல்லல்ல? எதுத்தாப்புல வர்றவளப் பந்தோட வர்றவன்னு நெனைக்காத. பாடி வர்றான்னு நெனச்சுக்க. அவ்ளோதான். விடாத.”

அன்றைக்கே பயம் போய்விட்டது. கண் திறந்துகொண்டது. முதல் ஆட்டங்களில் அவளைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. வடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை மூன்று கோலில் ஜெயித்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில் பெண்கள் போட்ட கூச்சலுக்கு டிரைவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்தித் திட்டினாராம்.

* பி.டி. சாரை நீங்கள் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. பயந்த பெண்ணுக்குத் தெரிந்த விளையாட்டைக் கொண்டு தெரியாத விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

3

இந்தப் பகுதியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. “கதைக்குன்னு அடிச்சு விடாத” என்று எழிலரசியை அதட்டினேன். “சத்தியமா பெரியப்பா, நான் பக்கத்துல நின்னேன்” என்று தலையில் அடித்துச் சொன்னாள்.

லீக்கின் கடைசி ஆட்டம். கடலூர் மைதானத்தில், சிதம்பரத்திலிருந்து வந்த அணியோடு. அவர்களுடைய முன்கள ஆட்டக்காரி வினோதினி. அவள் பந்தோடு கிளம்பினால் தூசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படித்தான் கிளம்பினாள், எல்லாரையும் தாண்டினாள், தனியாக வந்தாள். தமிழ்ச்செல்வி முன்னேறிப் போய்க் குப்புற விழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு பக்கம் பந்து, ஒரு பக்கம் கால். பந்து அவளுக்கு இந்த வருஷத்துப் பழக்கம். கால் ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம்.

கை காலைப் பிடித்துவிட்டது.

பிடித்தவள் சும்மா இருந்தாளா? கணுக்காலை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, தன் அணியைப் பார்த்துக் கத்தினாள்: “வாங்கடி! வந்து அமுக்குங்கடி!”

தடுப்பாட்டத்தில் நின்ற இரண்டு கபடிக்காரிகளும் ஓடி வந்தார்கள். ஒருத்தி வினோதினியின் இடுப்பைப் பிடித்தாள், இன்னொருத்தி இன்னொரு காலை. பந்து பாட்டுக்கு உருண்டு கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நடுவர் விசில் அடித்தார். வினோதினி அவுட் என்று நினைத்துத் தமிழ்ச்செல்வி கையைத் தூக்கிக் குதித்தாள். எதிரே சிவப்பு அட்டை நின்றது.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. இதை எழுதும்போது நானும் சிரித்தேன், என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். மைதானத்தில் சிரிப்பு அடங்கின பிறகுதான் வினோதினி எழுந்திருக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வலது கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு பேர் தோளில் கையைப் போட்டு நொண்டிக்கொண்டு போனாள். தமிழ்ச்செல்வி தன் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

4

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். தமிழ்ச்செல்வி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்த ஊருக்குப் போகிற என் கதாபாத்திரங்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வினோதினியின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு ஆட்டோக்காரர்களிடம் அலைந்துகொண்டிருந்தாள்.]

5

வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். கையில் ஒரு பை முந்திரிப் பருப்பு. பண்ருட்டியிலிருந்து வேறு எதைக் கொண்டு போவது? கதவைத் திறந்தது வினோதினியின் அம்மா மங்கலம்.

“யாரும்மா நீ?”

“நான்தாங்க... காலப் புடிச்சவ.”

மங்கலம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இந்த இடத்தில் அம்மா சீறுவதாக ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன், நல்ல வசனம். ஆனால் நடந்தது வேறு. “உள்ள வா, வெயில்ல நிக்காத” என்றாள் மங்கலம். போய் காபி கலந்து வந்தாள். டம்ளரைக் கீழே வைத்த சத்தத்தில்தான் கோபம் தெரிந்தது.

வினோதினி கட்டுப்போட்ட காலை முக்காலி மேல் தூக்கி வைத்திருந்தாள். எலும்பு முறியவில்லை, தசைநார் இழுத்துக்கொண்டுவிட்டது. தமிழ்ச்செல்வி முந்திரிப் பையைப் பிரித்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

“வேணும்னு பண்ணல” என்றாள் தமிழ்ச்செல்வி.

“தெரியும். அதான் ஜாஸ்தி பயமா இருக்குது.”

“என்னா?”

“வேணும்னு பண்ணியிருந்தா, இனிமே பண்ணாதன்னு சொல்லலாம். ஒனக்கே தெரியாம கை வருது. நான் என்னான்னு சொல்றது?” வினோதினி ஒரு முந்திரியை எடுத்துக் கடித்தாள். “கால் செரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா மறுபடி ஒன்ன எதுத்தாப்புல பாத்தா ஓடுவனான்னு தெரியல.”

 தமிழ்ச்செல்வி காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். திரும்பும் வழியில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். [ஜன்னல் வந்துவிட்டது, எழிலரசி மன்னிக்கட்டும். நல்லவேளை, மழை இல்லை.]

6

மழை அதற்குப் பிறகு வந்தது. கடலூரை வைத்துக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி, புயலைப் புனைய வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை முழுக்க மைதானங்களில் முட்டியளவு தண்ணீர். அரையிறுதி தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருவழியாக நடந்தது. சிவப்பு அட்டையால் தமிழ்ச்செல்விக்குத் தடை, எழிலரசியே கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள். எப்படியோ ஜெயித்தார்கள். அதற்குள் வினோதினியின் காலும் ஆறிவிட்டது. இறுதி ஆட்டம் சிதம்பரத்தில், அதே இரண்டு அணிகள். தமிழ்ச்செல்வியின் தடையும் முடிந்துவிட்டது.

போகிற பஸ்ஸில் பி.டி. சார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாடி வர்றான்னு சொன்னேன்ல. அத மறந்துடும்மா.”

“மறக்குறது எப்புடி சார்?”

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். “எழில நிக்கச் சொல்லிடட்டுமா?” என்று பிறகு கேட்டார். தமிழ்ச்செல்விக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் எழிலரசி முன்பக்கமிருந்து திரும்பி, “என்னால இன்னொரு தடவ ஆவாது சார், செமி ஃபைனல்ல நான் செத்துப் பொழச்சேன்” என்று கும்பிட்டுவிட்டாள்.

தமிழ்ச்செல்விக்குக் கோப்பை வேண்டும். யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் தோற்றால் அழுதுவிட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கை மறுபடி அந்தக் காலுக்குப் போய்விட்டால்? தன் கையைத் தானே நம்ப முடியாத ஒருத்தி, கையை வைத்துச் செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்தது. வினோதினி ஆடினாள், ஆனால் பழைய வினோதினி இல்லை. எல்லாவற்றையும் இடது காலால் ஆடினாள். பந்து வலது பக்கம் வந்தால்கூட சுற்றிப்போய் இடது காலில் வாங்கினாள். கோல் பக்கம் வந்தபோதெல்லாம் வேறு யாருக்காவது தள்ளிவிட்டாள். தமிழ்ச்செல்வி அத்தனையையும் பார்த்துக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றாள். 

ஆட்டம் முடியும் தறுவாயில் வினோதினிக்குத் தனியாகப் பந்து கிடைத்தது. தள்ளிவிட அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை. இந்தப் பக்கமும் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை.

7

முடிவுகள் எழுதினேன், ஒன்றுக்கு மூன்றாக.

அ. தமிழ்ச்செல்வி பாய்ந்து பந்தை மட்டும் சுத்தமாகப் பிடிக்கிறாள். எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எழிலரசி கேட்டுவிட்டு, “பின்னாடி பாட்டுப் போடுவீங்களா பெரியப்பா?” என்றாள்.

ஆ. கை மறுபடி காலைப் பிடிக்கிறது. ‘வாங்கடி!’ என்கிறாள். சிரிப்புக்கு உத்தரவாதம். ஆனால் ‘வினோதினியின் கணுக்கால் மறுபடியும்—’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. முந்திரி தின்ற பெண்ணை எப்படி ஐயா கீழே தள்ளுவது?

இ. மழை வந்து ஆட்டம் நிற்கிறது. [சே. எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

8

எழிலரசி போனில் சொன்னது இது. அவள் மைதானத்தின் நடுவிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடிவந்துகொண்டிருந்தாள்.

“தமிழு வெளிய ஓடி வந்தா பெரியப்பா. செரி, பாயப் போறான்னு பாத்தா, ஓடும்போதே ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கொண்டு போனா. ஒரு கையால இன்னொரு கையப் புடிச்சிக்கிட்டா. நெஞ்ச நிமித்திக்கிட்டு அப்புடியே ஓடுறா. சார் வெளியிலேர்ந்து ‘கைம்மா! கை! கை!’ன்னு கத்துறாரு. அவ எடுக்கவே இல்ல.”

“வினோதினி?”

“பாத்தா. ஒரு செகண்டு நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் வலது கால இழுத்தா பாருங்க... அம்மாடி! ஆட்டம் பூரா தொடாத காலு பெரியப்பா.”

நானும் எத்தனையோ ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு பந்துக்கு எதிரே ஓடிய கோல்கீப்பரைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். போனை வைத்த பிறகும் எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

பந்து என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். எழிலரசி சொல்லிவிட்டாள், எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நீங்கள் கடலூர்க்காரர் என்றால் அது தமிழ்ச்செல்வியின் நெஞ்சில் பட்டுத் திரும்பட்டும். சிதம்பரத்துக்காரர் என்றால் தாராளமாக வலைக்குள் போகட்டும். வேறு ஊர்க்காரர் என்றால் கம்பத்தில் அடியுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? வினோதினி அந்த வலது காலை முழுசாக வீசி உதைத்துவிட்டாள், பந்து கிளம்பிவிட்டது, இனி அது உங்கள் பாடு.

பந்தை எங்கே வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளுங்கள். அவள் பின்னால் கோத்திருக்கும் கையை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.