விலை கூடின ஆயில்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. தூறல் விட்டிருந்தது, புழுக்கம் விடவில்லை. மேட்டுத்தெருவில் அண்ணன் பழைய மோட்டார் சைக்கிளின் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க, எஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டியோ நத்தையாய் ஊர்ந்தது. பின்னால் நடந்து வந்த தங்கை அவனைத் தாண்டிப் போய் உச்சியில் காத்து நின்றாள்.

"கிளட்ச் வழுக்குது. கிழட்டு வண்டி, இரும்புக்கடைக்குத்தான் லாயக்கு" என்றான் வந்து சேர்ந்தவன். "சாயங்காலம் ஆள் வரச் சொல்லிட்டேன்."

அவளுக்கு வீடு வீடாகச் சென்று இரத்த மாதிரி எடுக்கும் வேலை மறுநாள் தொடங்குகிறது. வண்டி வேண்டும், அது பிறர் பெயரில் இருந்தால், அவளுக்கே கொடுத்துவிட்டதாக உரிமையாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இல்லையேல் வேலை இல்லை. உரிமையாளர் இந்த மேதை.

"அண்ணா, என்ன ஆயில் ஊத்தினே?"

"கடையில இருக்கிறதிலேயே விலை கூடினது. கார் ஆயில்." குரலில் வள்ளலின் மிடுக்கு. "காருக்கே ஆகுறது இந்தச் சுண்டெலிக்கு ஆகாதா?"

"அப்போ உன் செருப்பை உன் பையனுக்கு மாட்டிவிடேன். பெரிசுதானே!"

இந்த வண்டியின் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே முழுகிக் கிடப்பவை. உராய்வைக் குறைக்கவென்றே மருந்து கலந்த கார் ஆயில், ஒன்றையொன்று கவ்வ வேண்டிய தட்டுகளை வழுக்க விட்டிருந்தது. டப்பாவின் பின்புறம் இதைச் சொல்லியிருக்கும். அண்ணன் முன்புறத்துக் கார் படத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன். போதாக்குறைக்கு, வழுக்கலைத் தீர்ப்பதாக எண்ணி கிளட்ச் கேபிளை வேறு இழுத்துக் கட்டியிருந்தான். லீவரைத் தொடாமலே கிளட்ச் பாதி விடுபட்டு நின்றது.

வீட்டு வாசலில் வைத்து அவள் ஆயிலை வடித்தாள். கிளட்ச் மூடியைக் கழற்றி, பளபளத்துப்போன இரும்புத் தட்டுகளை உப்புத்தாளால் தேய்த்தாள். கருகாமல் தப்பிய உராய்வுத் தட்டுகளைத் துடைத்து, மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கும் ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தினாள். மூடியை மாட்டி அதே ஆயிலை ஊற்றினாள். கேபிளைத் தளர்த்தி, லீவர் சற்றே ஆடும்படி விட்டாள். அண்ணன் நாற்காலி போட்டு அமர்ந்து, "பாத்து, பாத்து" என்று உதவினான்.

பிற்பகலில் அவனையே பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டுத்தெருவில் ஓட்டினாள். வண்டி முனகாமல் ஏறியது.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி, எழுதி வைத்திருந்த காகிதத்தையும் பேனாவையும் கணவனிடம் நீட்டினாள். "போட்டுக் குடுங்க. அவளுக்கு நாளைக்கு வேலை."

அவன் பேனாவை மூடினான். "என் ஆயில்ல குத்தம் இல்லேன்னு இவளை முதல்ல சொல்லச் சொல்லு."

இரும்புக்கடைக்காரர் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். அண்ணி கண்ணாலேயே கெஞ்சினாள். தங்கைக்கு நாக்கு நுனியில் நான்கைந்து சொற்கள் வரிசைகட்டி நின்றன; அனைத்தையும் விழுங்கினாள். ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அண்ணா, இந்த வண்டிக்கு இவ்வளவு விலை கூடின ஆயிலை உன்னைத் தவிர யாருமே ஊத்தியிருக்க மாட்டாங்க."

அவன் முகம் மலர்ந்தது. "கேட்டியா?" என்றான் மனைவியிடம்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முதலெழுத்தில் தொடங்கிச் சுழிவரை ஒன்றும் குறையாமல் கையெழுத்திட்டு, மை காய ஊதி, காகிதத்தைத் தங்கையிடம் கொடுத்தான்.