திங்கட்கிழமைத் தூதரகம்

ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் கார் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குச் சபையில் வைத்த பெயர் 'தூதர்'. கேலிக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டு, யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதுகை நிமிர்த்தி, கழுத்தில் இல்லாத டையை ஒருமுறை சரிசெய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு முடியும்வரை விழித்திருப்பார். பிரசங்கம் ஆரம்பித்ததும் அவர் குறட்டையும் ஆரம்பித்துவிடும். ஆர்கன் வாசிக்கும் அம்மா அதை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறார் என்று இளைஞர்கள் சத்தியம் செய்தார்கள்.

அந்த ஒரு ஞாயிறு மட்டும் குறட்டை வரவில்லை. போதகர் எடுத்த எடுப்பிலேயே, "நாம வேற ஒரு நாட்டோட குடிமக்கள். தேவனுடைய ராஜ்யத்துக் குடிமக்கள். இந்த ஊர்ல நாம அந்த நாட்டோட தூதர்கள்" என்று சொல்லிவிட்டார். தூதர் நாற்காலியில் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்ததில் முன்வரிசையில் இருந்தவரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. இத்தனை வருஷப் பிரசங்கத்தில் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்தேவிட்டதே!

ஆராதனை முடிந்ததும், போதகரை மைக் வயரைச் சுருட்டக்கூட விடவில்லை தூதர்.

"ஐயா, அந்த நாட்டு பாஸ்போர்ட்டை யாரு குடுப்பாங்க? நம்ம இஷ்டத்துக்கு ராஜாவை மாத்தலாமா? ஓட்டு கீட்டு உண்டா? இங்க வரி கட்டறதுக்கு விலக்கு உண்டா?"

"ஒண்ணொண்ணாக் கேளுங்கண்ணே. ராஜா ஒருத்தர்தான், மாற மாட்டார். வரியை ஒழுங்காக் கட்டிடுங்க."

"அதுவும் சரிதான். சிவப்பு விளக்குல முதல் ஆளா நிக்க வேண்டியது நம்ம வண்டிதான்னு எங்க தூதரும் சொல்லுவார். இருக்கட்டும், தகுதியில்லாத ஆளு எவனாவது உள்ள நுழைஞ்சுட்டா நாடு கடத்துவாங்களா?"

போதகர் சிரித்துவிட்டார். "தகுதி பாத்திருந்தா எனக்கே விசா கிடைச்சிருக்காது. அங்க எல்லாருமே அப்படி உள்ள விடப்பட்ட ஆளுங்கதான்."

தூதர் அந்தப் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டாரே தவிர உள்ளே இறக்கிக்கொள்ளவில்லை. அவருக்கு அடுத்த கேள்வி அவசரம். "சரி, அந்த நாட்டுக்கு இங்க தூதரகம் எங்க இருக்கு?"

"உங்க வீடுதான்னு வச்சுக்கோங்களேன்" என்று பசியோடிருந்த போதகர் சொல்லிவிட்டு நகர்ந்தார். பாவம், யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தூதர் கேட்டருகே நின்று அறிவித்தார். "இன்னையிலேர்ந்து இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இந்த நாடு. இந்தப் பக்கம் அந்த நாடு. உள்ள அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும்."

அவர் மனைவிக்குத் தையல் வேலை. பள்ளிக்கூடச் சீருடைகள் முன்னறையில் மலையாகக் குவிந்திருக்கும். அந்த மலைக்குப் பின்னால் மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுக் கேட்டார். "அந்த நாட்டுல ஆம்பளைங்க பாத்திரம் கழுவுவாங்களா?"

தூதர் யோசித்தார். வசமாக மாட்டிக்கொண்டோம் என்பது யோசித்த பிறகுதான் புரிந்தது. "ராஜாவே சீஷர்களோட காலைக் கழுவியிருக்கார்..."

"காலையே கழுவினவர் தட்டைக் கழுவ மாட்டாரா? சோப்பு ஜன்னல்ல இருக்கு."

அன்று தொட்டுத் தூதரகத்தின் பாத்திரங்கள் பளபளத்தன. பக்கத்து வீட்டுக்காரர், பலகணியிலிருந்து பார்க்கும்போது கண் கூசுகிறது என்று கறுப்புக் கண்ணாடி வாங்கப் போனதாகத் தெருவில் பேச்சு. சட்டம் அதோடு நின்றதா? தண்ணீர்க் கமிட்டிச் செயலாளர் வசூலுக்கு வந்தால் 'அவர் வெளிய போயிருக்கார்' என்று சொல்வதும் நின்றது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தூதரே, "உள்ளதான் இருக்கேன், உங்களைப் பாக்க மனசில்லாம ஒளிஞ்சிருந்தேன்" என்று வெளியே வந்து நின்றார். செயலாளர் வாழ்நாளில் அப்படி ஒரு வரவேற்பைப் பார்த்ததில்லை. உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார். பேப்பர் போடுகிறவர் காலையில் சைக்கிளை நிறுத்தி, "சார், பேப்பரை எந்த நாட்டுல போடணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வீசினார்.

தூதருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேட்க ஆள் அகப்பட்டால் போதும், பழைய கதைகள் கொட்டும். தூதரகக் காரின் முன்னால் குட்டிக் கம்பத்தில் கொடி இருக்கும். நிஜத் தூதர் வண்டியில் ஏறினால்தான் அது பறக்கலாம். அவர் இறங்கிவிட்டால் உடனே தோல் உறையை மாட்டிவிட வேண்டும். "உறை போட்டுட்டா அது வெறும் காரு. நானும் வெறும் ஆளு. எவனும் வழிவிட மாட்டான்" என்பார்.

ஒரு நாள் மதியம் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி சாதாரணமாகக் கேட்டார். "தூதரகத்துல யாராவது தஞ்சம்னு வந்து நின்னா என்ன பண்ணுவாங்க?"

"அதை ஏன் கேக்கிற! ஒருத்தன் சுவரேறிக் குதிச்சான். ஊரே வெளிய நின்னு அவனைக் கேக்குது. எங்க தூதர் அசைஞ்சு குடுக்கலையே! 'சுவருக்குள்ள வந்தவன் நம்ம பொறுப்பு'ன்னுட்டார். மழைக்காலம் பூரா ஃபைல் ரூம்லயே குடியிருந்தான். நான்தான் டீ கொண்டுபோய்க் குடுப்பேன். ரெண்டு சர்க்கரை போடலேன்னா கோவம் வேற."

"அப்படியா" என்றார் மனைவி. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த 'அப்படியா'வைத் தூதர் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

ஏனென்றால் அந்த வீட்டுக்குள் வரக்கூடாத ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்: மனைவியின் தம்பி. மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், பேரும் மைக்செட்தான். பல வருஷம் முன்னால் ஒரு மதியம், அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தூதரகக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சும்மாவும் போகவில்லை, கொடியின் உறையைக் கழற்றிவிட்டுப் போனார். ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. நாலு ரோடு போக்குவரத்தும் நின்றது. ஒரு கல்யாண ஊர்வலமும் ஒரு சவ ஊர்வலமும் ஒன்றோடொன்று கலந்தபடி ஒதுங்கி வழிவிட்டன. போலீஸ்காரர்கள் வரிசையாக சல்யூட் அடிக்க, பின்சீட்டில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை உட்காரவைத்துக்கொண்டு மைக்செட் கையசைத்தபடி ஊரை வலம் வந்தார். அந்த நேரம் உண்மையான தூதர் கோட்டு சூட்டோடு வெயிலில் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

விளைவு? அத்தானை அந்தக் காரிலிருந்து இறக்கி, தூதரகத்துச் சமையலறைக்குக் காய்கறி ஏற்றும் வேனுக்கு மாற்றிவிட்டார்கள். உருளைக்கிழங்கு மூட்டைகளோடு அலைந்து அலைந்து, மறுபடி காருக்கு வருவதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். "அவன் இந்த வாசலை மிதிச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னதுதான். அதன் பிறகு அக்கா தம்பியைப் பார்ப்பது சந்தைவாசலில், பஸ் நிறுத்தத்தில், யாராவது செத்த வீட்டில்.

ஒரு திங்கட்கிழமை, வானத்தைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி மழை. கேட்டுக்கு வெளியே மைக்செட் நின்றுகொண்டிருந்தார். தலையில் சுருட்டிய மெத்தை, ஒரு கையில் மேசை விசிறி, இன்னொரு கையில் ஒலிபெருக்கிக் குழாய். குழாயில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்தது.

தூதர் குடையோடு கேட் வரை போனார். திறக்கவில்லை.

"என்ன?"

"அத்தான், இது தூதரகம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

மைக்செட்டின் கண் தன்னையறியாமல் முன்னறை ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. அங்கே மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"தஞ்சம் கேட்டு வந்திருக்கேன்" என்றார் மைக்செட். "நான் இருந்த வீட்டை ரோடு அகலப்படுத்தறேன்னு இடிச்சுட்டாங்க. கடையில படுத்துக்கிட்டிருந்தேன். அதுவும் ஒழுகுது."

"விசா இருக்கா?"

"நனைஞ்சு போச்சு."

தூதருக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார். சிரித்துவிட்டால் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது? பகைவனை நேசிக்கச் சொல்லும் சட்டம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பகைவன் என்றபோதெல்லாம் அவர் நினைத்துக்கொண்டது தூரதேசத்து ஆட்களை. மெத்தையோடு கேட்டருகே வந்து நிற்கிற மச்சானை அல்ல. எப்படியும் ஒரு விதி இருக்கும், இல்லாமலா போகும் என்று தேடினார். கிடைத்தது.

"இன்னைக்கு என்ன கிழமை? திங்கள். தூதரகம் ஞாயித்துக்கிழமைதான் திறப்போம். போயிட்டு அப்புறம் வா."

வாசற்கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப் தொங்க மனைவி மழையிலேயே இறங்கி வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, நேராகக் கணவனைத்தான் பார்த்தார்.

"மத்த ஆறு நாளும் கொடிக்கு உறை போட்டுடுவீங்களோ?"

தூதர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"உங்க தூதர் வண்டியில இல்லாதப்பத்தான் உறைன்னு சொன்னீங்க. நம்ம ராஜா எந்தக் கிழமை இறங்கிப் போனார்? அதை மட்டும் சொல்லுங்க, நானே அவனைத் திருப்பி அனுப்பிடறேன்."

மழை கொட்டியது. பக்கத்து வீட்டுப் பலகணியில் கறுப்புக் கண்ணாடி தெரிந்தது. தூதர் மனக்கணக்குப் போட்டார். செவ்வாயா? புதனா? காய்கறி வேன் ஓட்டிய நாட்களில் ஒரு காலை, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் ராஜா இறங்கிப் போனதாக அவருக்குத் தோன்றவில்லை. அப்போதுதான், தகுதியைப் பற்றிப் போதகர் சிரித்தபடி சொன்ன பதில் வயிற்றில் போய் இறங்கியது. விசா! தனக்கு மட்டும் யார், எதைப் பார்த்துக் கொடுத்தார்கள்?

"அத்தான்" என்றார் மைக்செட், ரொம்ப மெதுவாக. "அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். வந்து சொல்லணும்னு இத்தனை நாளா நெனச்சேன், வாசல் வரைக்கும் வர்றதுக்குத் தைரியம் வரல. அன்னைக்கு நாலு ரோடும் எனக்கு வழிவிட்டுச்சு. இப்போ என் வீடு இருந்த எடத்துலயே ரோடு போகுது."

தூதர் கேட்டின் கொக்கியைத் தூக்கினார். துருப்பிடித்த கொக்கி, அது போட்ட கிறீச்சில் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"மெத்தையை என்கிட்ட குடு மாப்ளே. நனைஞ்சு கல்லு மாதிரி கனக்கும்."

கனத்தது. அதைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அந்த நாட்டு எல்லைக்குள்ளேயே மனிதர் மூன்று முறை தள்ளாடினார். அக்கா தம்பியின் தலையைத் துவட்ட ஒரு சீருடைச் சட்டையையே எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகுதான் பார்த்து ஐயையோ என்றார். ஆனால் திருப்பி வாங்கவில்லை. அவர் முகம் இருந்த இருப்பில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்கச் சட்டையில்லாமல் போனாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

டீ வந்தது. இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி குடித்தார்கள். தூதர் செருமினார். வருஷக்கணக்காகக் கோபத்துக்கு அடியில் ஒரு கேள்வி கிடந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே... அந்த சல்யூட். எப்படி இருந்துச்சு?"

"எது?"

"நான் எத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன்! ஒரு சல்யூட்டாவது எனக்கு வந்திருக்குமா? அத்தனையும் என் தலைக்கு மேல பின்சீட்டுக்குப் போயிடும். நம்ம குடும்பத்துல அதை வாங்கின ஒரே ஆளு நீதான். அதான் கேக்கறேன்."

மைக்செட் டம்ளரைக் கீழே வைத்தார். அத்தானின் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி இல்லை, சின்னப் பிள்ளைக்கு இருக்கிற ஆவல்தான் இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூணாவது ரோடு திரும்பும்போதே தெரிஞ்சு போச்சு, ஒருத்தனும் என்னைப் பாக்கல. கொடியைத்தான் பாக்கறான். பின்சீட்டுல ஸ்பீக்கர் பெட்டி உக்காந்திருக்கறதைக்கூட எவனும் பாக்கலையே!"

தூதர் சிரித்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததால் டீ மூக்கில் ஏறி, அலமாரித் தட்டுகள் குலுங்கி, ஜன்னலுக்கு வெளியே மழையே ஒரு நிமிஷம் நின்று கேட்டது.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டம்ளர்களைப் பொறுக்கினார். ஒரு அடி வைத்துத் திரும்பினார்.

"மாப்ளே, இந்த நாட்டுல ஆம்பளைங்கதான் பாத்திரம் கழுவணும். ராஜா உத்தரவு. சோப்பு ஜன்னல்ல இருக்கு, வா."

மைக்செட் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, பக்கத்துல வேற ஏதாவது தூதரகம் இருக்கா?"

மிஷின் சத்தம்தான் பதில். போய் வரிசையில் நின்றார்.