ஆதி உப்பு

செவ்வாய்க்கிழமை ஜெய்னுலாப்தீன் டயாலிசிஸுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகப்போவதில்லை என்று வியாழன் காலையில் சொன்னார். மருமகள் மர்ஜானா அளந்து ஊற்றிய அரை டம்ளர் தேநீரை ஊதிக்கொண்டே, மழை வருமா வராதா என்று பேசுகிறவர் மாதிரிதான் சொன்னார்.

“நாளைக்கு ஜும்மா முடிஞ்சு வந்து மருந்தைச் சாப்பிட்டுடுவேன். அப்புறம் எனக்கு அந்த மிஷின் எதுக்கு?”

மருந்து சமையலறை அலமாரியில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் இருந்தது. சாம்பல் பூத்த வெள்ளைப் பொடி. ஏழு மாதமாக டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள வீட்டின் பின்கட்டில் காய்ச்சி, வடிகட்டி, மறுபடி காய்ச்சி அவர் சேர்த்தது. மர்ஜானா அலமாரியைப் பார்த்தாள், அவருடைய கால்களைப் பார்த்தாள். இரண்டு கணுக்காலும் வீங்கிப் பளபளத்தன. பேசும்போது நடுவில் மூச்சுக்காக நின்றார். அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, வேலைக்குக் கிளம்பவும் முடியவில்லை.

முப்பது வருடம் இந்தத் தீவின் அபர்தீன் பஜாரில் நாட்டு மருந்துக்கடை நடத்தியவர் அவர். சித்தர்கள் சொன்ன முப்பு கிடைக்குமா என்று யாராவது கேட்டு வருவார்கள். எல்லாப் பொருளும் பிறந்த முதல் பொருள், செம்பைப் பொன்னாக்கும், கிழவனைக் குமரனாக்கும் என்று கேள்விப்பட்டு வந்திருப்பார்கள். “அது என்கிட்ட இருந்தா நான் ஏன் பாய் இங்க உக்காந்து கடுக்காய் நிறுத்துக்கிட்டிருக்கேன்?” என்று சிரித்து அனுப்பிவிடுவார். அப்படிச் சிரித்த மனிதர்தான்.

ஆசிம் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. ஆசிம் அவருடைய ஒரே மகன், மர்ஜானாவின் கணவன். போன வருடம் மே மாதம் வண்டூர்ப் பக்கம் கடலில் டிங்கிப் படகு கவிழ்ந்தது. மர்ஜானாவும் அதே டிங்கியில் இருந்தாள். ஒரு ஜெர்ரிகேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் மிதந்தவளை மீன்காரர்கள் தூக்கினார்கள். ஆசிமைத் தூக்க ஒன்றும் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமலே பள்ளிவாசலில் தொழுகை நடத்தினார்கள். கபுர் என்று போய் நிற்க ஓர் இடம் இல்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், “என் புள்ள எங்க இருக்கான்?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டபோது மர்ஜானா பொறுக்கமாட்டாமல் ஒன்று சொன்னாள். அவள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். படித்ததில் இருந்துதான் சொன்னாள்.

“எதுவும் காணாமப் போறதில்லை மாமா. எல்லாம் அணு அணுவா அந்தத் தண்ணியிலதான் இருக்கும்.”

அவர் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். “எல்லாம் ஒண்ணுலேர்ந்து வந்ததுன்னு உங்க சயின்ஸும் ஒத்துக்குதா?”

“ஒத்துக்குது மாமா. ஆரம்பத்துல இருந்தது ஹைட்ரஜனும் கொஞ்சம் ஹீலியமும்தான். மத்ததெல்லாம் பெரும்பாலும் நட்சத்திரத்துக்குள்ள சமைஞ்சது.”

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. மறுவாரமே அவர் வண்டூருக்கு பஸ் ஏறி இரண்டு கேன் கடல்நீர் கொண்டுவந்தார். திக்லிபூரில் பாக்கு வியாபாரம் செய்யும் தம்பி ஆரிப் அங்குள்ள சேற்று எரிமலையிலிருந்து சாம்பல்நிறச் சேற்றை வாளியில் அள்ளி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். மூன்றாவதற்குத் தென்னை மட்டையையும் கமுகம் பாளையையும் எரித்துச் சாம்பல் எடுத்தார். நிலம், கடல், மரம் என மூன்று உப்பு. மூன்றையும் ஒன்றாக்கினால் பிரியாத பழைய நிலைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அல்லாஹ் முதலில் படைத்த நூர் என்ற ஒளியும் சித்தர் சொன்ன முப்பும் மர்ஜானா சொன்ன ஹைட்ரஜனும் அவர் வாயில் ஒரே பெயராகிவிட்டன.

வியாழன் காலை அவர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போன சமயம் பார்த்து மர்ஜானா ஒரு சிட்டிகைப் பொடியைத் தாளில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்தில் அன்றைய கிணற்றுத் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே, பெயர் எழுதாத ஒரு பாட்டிலில் அதைக் கரைத்து, உப்புகளை அளக்கும் ஃப்ளேம் போட்டோமீட்டரில் வைத்தாள். சோடியம் எதிர்பார்த்ததுதான். பொட்டாசியத்துக்கு முள் அளவைத் தாண்டிப் போய் நின்றது. பத்து மடங்கு நீர்க்கச் செய்தாள். மறுபடியும் தாண்டியது. நூறு மடங்கில்தான் எண் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் மூன்று முறை நடந்தாள். சாம்பல் உப்பு. கிட்னி போனவர் உடம்பில் அது ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஏற்கெனவே ஒரு டயாலிசிஸ் தவறியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். காலைக் கப்பலில் ஆரிப் வந்திறங்கியிருந்தார். அண்ணன் மருந்து சாப்பிடுவதைப் பார்க்க வந்தாராம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு.

“மாமா, அதைச் சாப்பிட வேணாம்,” என்றாள் மர்ஜானா. “நான் டெஸ்ட் பண்ணிட்டேன்.”

ஜெய்னுலாப்தீன் கோபப்படவில்லை. “திருடினியா? கேட்டா தந்திருப்பேனே. சரி, என்ன சொல்லுது உன் மிஷின்?”

“பொட்டாசியம். இளநீர், வாழைப்பழம் எதையும் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னது இதுக்குப் பயந்துதான். இதுல ஒரு கரண்டி ஏழெட்டு இளநீருக்குச் சமம்.”

“குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது,” என்று ஆரிப் கையை வீசினார். அண்ணனை அவர் காக்கா என்றுதான் சொல்வார். “இந்தா பாரு, காக்கா எனக்குக் குடுத்தனுப்பினதை ஒம்பது நாளா சிட்டிகை சிட்டிகையா நான் சாப்பிடுறேன். மூட்டு வலியே இல்லை. மாடி ஏறி இறங்குறேன்.”

“உங்க வீட்டுக்கு மாடியே இல்லையே சின்ன மாமா.”

“பக்கத்து வீட்டு மாடி.”

மர்ஜானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நீங்க சாப்பிட்டதை உங்க கிட்னி வெளியே தள்ளிடும். மாமாவுக்குத் தள்ள ஆள் இல்லை. உள்ளேயே நிக்கும். நெஞ்சு நின்னுடும்.”

ஆரிப் வாழைப்பழச் சீப்பை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார். “காக்கா, நான் டெஸ்ட் பண்ணினது கணக்குல வராதாம்,” என்றார் தாழ்ந்த குரலில். அண்ணனுக்காக ஒன்பது நாள் தன் உடம்பை வைத்துப் பார்த்தவர் அவர். அது வீணாய்ப் போனதில் முகம் சின்னதாகிவிட்டது.

ஜெய்னுலாப்தீன் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “எனக்குக் குமரனாகணும்னு ஆசை ஒண்ணும் இல்லை மர்ஜானா. அந்தக் கதையெல்லாம் கடைக்கு வர்றவங்களுக்கு. இது வண்டூர்த் தண்ணி. அவன் இதுல இருக்கான். நீதானே சொன்ன.”

அவள் நினைத்திருந்தால் அது பொய் என்று சொல்லியிருக்கலாம். உங்களைத் தேற்றச் சொன்னேன் என்று முடித்திருக்கலாம். மணி பதினொன்றரை. டயாலிசிஸ் இரண்டு மணிக்கு. அவர் மூச்சு இழுப்பது அறை முழுக்கக் கேட்டது. பொய் என்று சொன்னால் அவர் பாட்டிலை வைத்துவிடுவாரா, இல்லை அந்த நிமிடமே வாயில் கொட்டிக்கொள்வாரா?

“சொன்னேன்,” என்றாள். “உப்புல மட்டும் இருக்காருன்னு சொல்லலை. மனுசன்ல பாதிக்கு மேல தண்ணிதான் மாமா. அந்தத் தண்ணி அங்கேயே நிக்குமா? மேல ஏறும். இங்க மழையாப் பெய்யும். அணையில சேரும். உங்க மிஷினுக்கு வர்றது அந்த அணைத் தண்ணிதான்.”

அவர் கண்களைச் சுருக்கினார். உப்புக் காய்ச்சிப் பழகிய மனிதர். “காய்ச்சினா உப்பு அடியில தங்கிடும். மேல போகாது.”

“போகாது. தண்ணிதான் போகும்.”

“ஒரு தடவைக்கு எவ்வளவு ஓடும் அதுல?”

“நூத்தி இருபது லிட்டர்.”

“நூத்தி இருபதா?” பாட்டிலைப் பார்த்தார். “என் ரத்தத்தோட கலக்குமா?”

கலக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. “கலக்காது. நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும். அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் நீங்க.”

“தொடுமா?”

“தொடும் மாமா.”

அவர் பாட்டிலைத் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவளிடம் தரவில்லை. “ஆரிப்பு, ஆட்டோ கூப்பிடு,” என்றார். “ஜும்மாவை அங்க பக்கத்துப் பள்ளியில தொழுதுக்கலாம்.”

ஊசி இரண்டும் ஏறிய பிறகு, மிஷின் பக்கத்தில் நின்ற வங்காளி டெக்னீஷியனிடம் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஹிந்தியில் கேட்டார். “டேங்க் சே, சாச்சா,” என்றான் அவன். டேங்குக்கு எங்கிருந்து என்று விடாமல் கேட்டார். அவன் மர்ஜானாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். தான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை கோடிக் கோடித் துளிக்கு ஒன்று என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஒரு உண்மையைச் சொன்னாள், அது ஊறுகாய் பாட்டிலில் போய் முடிந்தது. இது எங்கே போய் முடியுமோ. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. பெட்டிச் சாவி அவர் இடுப்பில்.

தண்ணீர் ஓடும் குழாய் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். ஊசி இல்லாத கையால் ஜெய்னுலாப்தீன் அதைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக இல்லை. சாலை கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடிப்பது போல. டெக்னீஷியன் கையை எடுக்கச் சொல்ல வாயெடுத்தான்.

“குழாய் மடங்கலைன்னா இருக்கட்டும் பையா,” என்றாள் மர்ஜானா ஹிந்தியில்.

பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வராண்டாவுக்குப் போனாள். அங்கே ஆரிப் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். “உக்காரும்மா, நாலு மணி நேரம் ஆகுமே,” என்றார். அவள் உட்காரவில்லை. உள்ளே இருந்தால் தானும் அந்தக் குழாயைத் தொட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது.