ஏழு வீட்டுக் குடித்தனம்

சாகிராவுக்குப் பெரம்பலூரில் ஏழு வீடுகள் இருந்தன. ஒன்றுக்கும் சாவி கிடையாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் போதும், ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்விடுவாள். துறையூர் ரோட்டு மாடி வீட்டில் ஜன்னலோரமாகத் தொட்டில் கட்டியிருந்தாள். வேப்பமரத்து வீட்டில் கொடி கட்டி, விரல் நீளச் சட்டைகளாக வரிசையாகக் காயப்போட்டிருந்தாள். எளம்பலூர் ரோட்டு வீட்டில் அடுக்களை இருட்டு. அதற்கு ஒரு டியூப்லைட் வாங்கி மாட்டினாள். சில நாள் ஒரு வீட்டுக் கதவைத் திறந்தால் இன்னொரு வீட்டு மொட்டைமாடி வந்துவிடும். அங்கே அவள் பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும். எல்லாம் கனவுக் குடித்தனம். நிஜத்தில் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் அவளை வாசல் தாண்ட விட்டதே இல்லை.

இப்போது ஏழு மாசம். முதல் பிள்ளை, சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில், குன்னம் வருவதற்குள் வேனிலேயே பிறந்து, வேனிலேயே போய்விட்டது. இந்தத் தடவையும் பிரஷர் ஏறி நிற்கிறது. "அங்கேருந்து வர்ற கதையே வேணாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வீடு எடுத்துத் தங்குங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள," என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூட வந்து இருக்க அம்மா தயார். குவைத்திலிருக்கிற புருஷன் சாகுல் ஹமீது, "நல்ல வீடா பாரு சாகிரா" என்று தினமும் போனில் சொல்கிறான். நல்ல வீடாம்! பள்ளிவாசல் தெருப் பக்கம் ஒரு வீடும் காலியில்லை. மற்ற தெருக்களில் வீடு இருந்தது, அவளுக்குத்தான் இல்லை.

இதில் ஒரு கூத்தைக் கேளுங்கள். பஸ்ஸில் ஏறினால் அவள் வயிற்றைப் பார்த்து நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். இளநீர்க்காரர் வழுக்கையாகத் தேடி வெட்டித் தருவார். "வெயில்ல அலையாத தாயி" என்று முன்பின் தெரியாத கிழவி கன்னத்தைத் தடவிவிட்டுப் போவாள். அதே ஜனங்களின் வாசலில் நின்று "வீடு இருக்குங்களா?" என்றதும் அந்தக் கண்கள் அவள் பர்தாவில் ஒரு முட்டு முட்டி, அப்படியே அவளைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். "இப்பத்தான் ஒருத்தருக்குச் சொன்னோம்." "மகன் வர்றான்." "பெயின்ட் அடிக்கணும்." டு-லெட் போர்டு அவள் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருக்கும். முடியாது என்று ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னார்களா? ஊஹூம். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஏழாவது வீட்டில் கேட்டைச் சாத்திய பிறகு, தன் நிழல் தரையில் விழுகிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். விழுந்துதான் கிடந்தது.

எட்டாவது வீட்டின் போன் நம்பரைக் கொடுத்தவர் புரோக்கர் பாலசுந்தரம். "ஊர மட்டும் சொல்லிப்புடாதம்மா. சொன்னீன்னா காரியம் கெட்டுது," என்றார். அவர் சொன்னது சரிதான். லப்பைக்குடிக்காடு முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அந்தப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தால், மிச்சத்தைக் கேட்கிறவர்களே தெரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்காரம்மா பெயர் அமிர்தவல்லி. போனில் குரல் வெல்லமாக இருந்தது.

"எந்த ஊரும்மா?"

"குன்னம் பக்கங்க."

"அடடே, நம்ம பக்கம்! எங்க சின்னம்மாவ வேப்பூர்லதான் குடுத்துருக்கு. புள்ளத்தாச்சின்னு புரோக்கர் சொன்னாரு, எத்தன மாசம்?"

"ஏழுங்க."

"பொறவென்ன, யோசிக்காத. வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்கு. வந்து பாரு, புடிச்சிருந்தா அன்னைக்கே பாலக் காய்ச்சிரு."

பேரைக் கேட்கவே இல்லை. ஊரும் மாசமும் அவருக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாகிரா பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில் பர்தாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். தாலியாகக் கழுத்தில் கிடந்த கருகமணியை ரவிக்கைக்குள் தள்ளினாள். தலையில் காற்றுப் பட்டதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. "உனக்காகத்தான்டா தங்கம்," என்று வயிற்றைத் தடவிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தெரு அவள் கனவுத் தெருக்களில் ஒன்றாக மாறிக்கொண்டே வந்தது. எல்லாக் கதவும் திறந்திருந்தது. கோலமாவு டப்பாவோடு நின்ற ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "யாரத் தேடுறம்மா? அமிர்தக்கா வூடா? பச்சக் கேட்டு," என்று கையைப் பிடித்து வழி சொன்னாள். பூக்காரி கூடையை இறக்கி, "ஒரு மொழம் வச்சுக்கிட்டுப் போ" என்றாள். அடேயப்பா, இவர்களுக்கெல்லாம் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது! பையிலிருந்த இரண்டு கஜத் துணிதான் இத்தனை நாளாக அவளை மறைத்து வைத்திருந்ததா? சாகிராவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கால்கள் மட்டும் தரையில் பாவாமல் மிதந்து போயின.

அமிர்தவல்லிக்கு அறுபது வயது இருக்கும். மாடியில் அவரும் கணவரும், கீழ்வீடு வாடகைக்கு. வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். "வா வா, பாத்து, படி ஒசரம். பொட்டு எங்கம்மா? வேர்வையில அழிஞ்சிருச்சா? ஆமா, என்ன வெயிலு!" கேள்வியும் அவரே, பதிலும் அவரே. அடுக்களை மேடையில் ஒற்றை அடுப்பு, புதுப் பாத்திரம், பால் பாக்கெட் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். "இரு, சக்கர மறந்துட்டேன்," என்று மாடிக்கு ஏறினார்.

சாகிரா தனியாக நின்றாள். இரண்டே அறைகள், வெள்ளையடித்த சுவர், சுண்ணாம்பு வாசனை. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் எதிரே, தென்னை மரங்களுக்குப் பின்னால், ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி. நடந்தால்கூட எட்டு நிமிஷம்தான்! அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வீட்டுச் சாமான்களும் ஒவ்வொன்றாக இங்கே வந்து சேர்ந்தன. தொட்டில் வந்து உத்தரத்தில் தொங்கியது. சின்னச் சட்டைகள் கொடியோடு வந்து ஜன்னலில் ஆடின. வேனில் போன முதல் பிள்ளைகூட வந்து, நிலைப்படியில் உட்கார்ந்து, வரப்போகிற தம்பிக்காகக் காத்திருந்தது. உள்ளே இருப்பது ஒரு புரளு புரண்டது. இதுதான், இந்த வீடுதான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

"ம், பத்த வையி. புள்ளத்தாச்சி கையால பால் பொங்கினா வூடு வெளங்கும்," என்று சர்க்கரை டப்பாவோடு வந்து நின்றார் அமிர்தவல்லி.

சாகிரா பாலை ஊற்றினாள். தீக்குச்சியை உரசினாள். உரசிய கையோடு, பிறந்ததிலிருந்து பழகிய வாய், வாய்விட்டே சொன்னது:

"பிஸ்மில்லாஹ்."

அடுப்பு பற்றிக்கொண்டது. தொட்டிலும் சட்டைகளும் இருந்த இடம் தெரியவில்லை. அவள் திரும்பினாள். அமிர்தவல்லியின் கண்கள் அவள் முகத்திலிருந்து மெல்லக் கழன்று சுவருக்குப் போயின. அங்கிருந்து ஜன்னலுக்குப் போயின. அந்தக் கண்கள் போகிற பாதை சாகிராவுக்கு மனப்பாடம்.

"இல்ல… எங்க வூட்டுக்காரரோட தம்பி, வர்றேன்னு சொல்லியிருந்தாரு. நாந்தான் மறந்துட்டு…" அமிர்தவல்லி ஜன்னலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாகிராவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஆத்திரம் ஏறியது.

"செவுத்துக்கிட்டயும் சன்னல்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. என்னப் பாருங்க."

அமிர்தவல்லி பார்க்கவில்லை. "பொய் சொல்லிட்டியேம்மா…"

"ஊர மறச்சேன். தப்புதான். பேர நீங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. "இதோட எட்டு வூடு. ஒருத்தர்கூட எம் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்லல. மொதப் புள்ளய வேன்ல, இந்த மடியில வச்சுப் பறிகுடுத்தவ நான். இதையும் அந்த வழியாத்தான் தூக்கிட்டு வரணுமா? சரி, வர்றேன். ஆனா அத என்னைப் பாத்துச் சொல்லுங்க. சொன்ன நிமிசம் போயிடறேன்."

பால் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. அமிர்தவல்லி சர்க்கரை டப்பாவை மேடையில் வைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். மேலுதட்டு வேர்வை, வீங்கிய பாதங்கள், ரவிக்கை விளிம்பில் எட்டிப் பார்த்த கருகமணி, அழுதுவிடக் கூடாது என்று கடித்துப் பிடித்திருந்த வாய். ஒரு தடவை வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு தடவை திறந்தார். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பைத் தொடவில்லை.

"சொல்ல வரலயேம்மா," என்றார் அமிர்தவல்லி.

"அப்பச் சொல்லாதீங்க."

"தெருவுல கேப்பாங்களே. கீழ்வூட்டுக்கு யாரு வந்துருக்கான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"எம் பேரச் சொல்லுங்க. சாகிரா."

அமிர்தவல்லி அடுப்பை அணைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.