சாக்பீஸ் பொடியில் ஒரு கோடு

கிக்கரின் மேல் கோடு விழுந்திருப்பதை யுவராஜ் பார்த்தபோது, ஜெனிபர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் டூவீலர் பட்டறை வைத்திருப்பவன் யுவராஜ். ஜெனிபர் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில். மலை மேட்டுக்கு ஸ்கூட்டர் இழுக்காது என்று பைக் வாங்கி ஓட்டுகிறவள். மகளோடு பத்து நாள் தங்கியிருந்த அவள் அம்மா ஆரோக்கியமேரிக்கு அன்று மாலை சேலத்தில் ரயில். அம்மாவை அடிவாரம் வரை இறக்கி பஸ் ஏற்றிவிட வேண்டும். முந்தின வாரம் மழைத்தண்ணீர் நின்ற குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கி அடிபட்டதிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிவிட்டுப் போகலாமென்று காலையில் அம்மாவோடு பட்டறைக்கு வந்தாள்.

யுவராஜ் சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை மாற்றினான். சத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் அடிபட்ட அலாய் வீல், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்று ஒரு சோதனை செய்தான். அலாய் முழுக்க டீசலைத் தடவினான். விரிசல் இருந்தால் டீசல் அதற்குள் இறங்கிவிடும். மேலே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தூவினால், உள்ளே போன டீசல் மெல்லக் கசிந்து வெள்ளையில் கருப்பாகக் கோடு போடும். அர்த்தனாரி என்ற விவசாயி கொடுத்துவிட்டுப் போன பழைய கிக்கர் ஒன்று, வண்டியை உதைத்துக் கிளப்பும் மிதிக்கட்டை, பெஞ்சில் கிடந்தது. கையோடு அதற்கும் டீசல் தடவிப் பொடி தூவி வைத்தான்.

"ஆச்சாண்ணா? அம்மாவுக்கு நேரமாகுது," என்றாள் ஜெனிபர்.

யுவராஜ் குனிந்து பார்த்தான். சக்கரத்திலும் கோடு இல்லை, கிக்கரிலும் இல்லை.

"சுத்தமா இருக்குதுங்க சிஸ்டர். தைரியமாப் போங்க."

பொடியைத் துடைத்து, சக்கரத்தை மாட்டி அனுப்பிவைத்தான். பிறகு கை கழுவி, டீ குடித்து, பெஞ்சுப் பக்கம் திரும்பியபோதுதான் கிக்கரின் கழுத்தில் அந்தக் கோடு கண்ணில் பட்டது. சற்று முன்பு இல்லாத கோடு. தலைமுடி அளவுதான் இருந்தது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத கருப்பு.

கிக்கரில் இவ்வளவு நேரம் கழித்துக் கோடு வருகிறதென்றால் சக்கரத்துக்கும் அவ்வளவு நேரம் விட்டிருக்க வேண்டும். அவளுக்கு அவசரம் என்று இவனும் அவசரப்பட்டுவிட்டான். அந்தச் சக்கரத்தை நம்பித் தாயும் மகளும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கப் போகிறார்கள்.

ஜெனிபருக்கு போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போனைப் பையை விட்டு எடுக்க மாட்டாள். வழியில் உள்ள சோளக்காடு ஊரில் மிளகு வாங்க வேண்டும் என்று ஆரோக்கியமேரி சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் இன்னும் இறக்கத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் ரோட்டோரம் அன்னாசிப்பழம் வெட்டி விற்கும் பாப்பாயியின் நம்பர் அவனிடம் இருந்தது. அவளுடைய மொபெட்டுக்கும் அவன்தான் மெக்கானிக்.

"பாப்பாயக்கா! நீல கலர் பைக்குல நர்ஸ் சிஸ்டரும் அவங்க அம்மாவும் வருவாங்க. நிறுத்துங்க்கா! கீழ எறங்க உடாதீங்க!"

"என்ன சாமி? ஒண்ணும் கேக்கல... கொர்ருனு வருது..."

"நிறுத்துங்க்கா! வண்டிய நிறுத்துங்க!"

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவள் காதில் என்ன விழுந்ததோ தெரியவில்லை. டீசல் பாட்டிலையும் சாக்பீஸ் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு யுவராஜ் தன் வண்டியை உதைத்தான். வழியெல்லாம், எதிரே வந்தவர்களின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே போனான். கீழே ஏதாவது பார்த்துவிட்டு வருகிற முகமாக இருக்குமோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. சோளக்காட்டுக் கடைகளின் முன்னால் நீல வண்டி இல்லை.

இறக்கத்தின் தொடக்கத்தில் வளைந்து திரும்பியவன் பிரேக்கை அழுத்தினான். ரோட்டின் ஓரமாக ஐந்தாறு பைக்குகளும் ஒரு காரும் வரிசையாக நின்றன. நடு ரோட்டில் பாப்பாயி, பழம் வெட்டும் கத்தியோடு இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்குன்னாவது சொல்லும்மா," என்று கார்க்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்குந் தெரியாதுங்க. எங்க மெக்கானிக் தம்பி நிறுத்தச் சொல்லுச்சு. எந்த வண்டின்னு காதுல உழுவல. அதான் எல்லாத்தையும் நிறுத்திப்போட்டேன்."

வரிசையின் கடைசியில் நீல வண்டி. பக்கத்தில் கல்லின் மேல் ஆரோக்கியமேரி உட்கார்ந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அன்னாசித் துண்டு தின்றுகொண்டிருந்தாள். யுவராஜ் வண்டியை ஓரம் கட்டினான். பிறகு மற்றவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு அனுப்பினான். விஷயத்தைக் கேட்டதும் கார்க்காரர் எரிச்சலை மறந்து, "பாத்துப்பா, நல்லாப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெனிபர் முகம் இறுகியிருந்தது.

"நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேங்க சிஸ்டர். அரை மணி நேரம் உட்டுப் பாத்திருக்கோணும். அவசரத்துல சொல்லிப்போட்டேன். என் தப்புதானுங்க."

உங்களுக்கு நேரமாகிறது என்றீர்களே என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவன் சொல்லவில்லை. சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டு, தூசியைத் துடைத்து, மறுபடியும் டீசல் தடவினான். இந்த முறை பாப்பாயியின் போனில் மணி பார்த்து, ஊறுவதற்கு முழுதாக அரை மணி நேரம் விட்டான். பிறகு துடைத்துப் பொடி தூவினான். மறுபடியும் காத்திருந்தார்கள். விரிசல் இல்லாமல் இருந்துவிட்டால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டான்.

கோடு வந்தது. முதலில் புள்ளியாக ஆரம்பித்து, ஒரு ஆரக்காலின் அடியில், அது நடுக் குடத்தோடு சேருகிற இடத்தில், அரை விரல் நீளத்துக்குக் கருப்பாக ஓடியது.

"இயேசுவே," என்று ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாப்பாயி கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இத்தனாம்பெரிய வண்டிக்கு இத்துனூண்டு கோடுங்களா?" என்றாள்.

"இது போதும்க்கா. நாலு வளைவுல பிரேக் அடிச்சா வீல் ரெண்டா போயிரும்."

ஜெனிபர் குனிந்து அந்தக் கோட்டின் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் போட்டு நாங்களும் அரை மணி நேரம் உக்கார வைப்போம். அவசரமாப் போகணும்னு சண்டை போடுவாங்க. இன்னைக்கு நானே அப்படி நின்னிருக்கேன்." பிறகு, "தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தீங்களே அண்ணா. பட்டறையிலேயே உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்த யுவராஜ், முகத்தைத் துடைப்பதுபோலத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டான்.

சேலம் பஸ் வந்ததும் பாப்பாயி மறுபடி நடு ரோட்டுக்குப் போனாள். இந்த முறை என்ன காரணமென்று அவளுக்குத் தெரியும். ஆரோக்கியமேரி பஸ் படியில் கால் வைக்கும் முன் திரும்பி வந்து யுவராஜின் தலையில் கை வைத்தாள். "நல்லா இருப்பா மக்கா." மிளகுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பாப்பாயியிடம் பாதியை நீட்டினாள். எங்கள் காட்டிலேயே மிளகு காய்க்கிறது என்று பாப்பாயி சொல்லவில்லை. முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

"அம்மாவை ரயிலேத்திட்டு நாளைக்கு வந்துர்றேன். புது வீல் நீங்களே மாட்டிருங்க," என்று வண்டிச் சாவியை நீட்டினாள் ஜெனிபர். "எத்தனை நேரமானாலும் உக்காந்திருக்கேன்." அம்மாவின் பின்னால் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

நீங்களே என்று அவள் சொன்னதை யுவராஜ் மனதுக்குள் இன்னொரு முறை கேட்டுக்கொண்டான். பஸ் முதல் வளைவில் திரும்பி மரங்களுக்குள் மறையும்வரை நின்றான். பிறகு பாப்பாயியிடம் போய், "உங்களுக்கு எப்படிக்கா நன்றி சொல்றது?" என்றான்.

"எனக்கெதுக்கு சாமி? அந்தக் கார்க்காரங்க நாலு பழம் வாங்கிட்டுப் போனாங்க," என்று சிரித்தாள் அவள். "எவ்வளவு தூரம் ஓடியாந்திருக்க. உக்காரு. ஒரு துண்டு தின்னுட்டு அப்புறம் வண்டியத் தொடு."

அவன் கல்லின் மேல் உட்கார்ந்தான். அவள் ஒரு முழுப் பழத்தை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள்.