பயணி பக்கத்து இரும்புப் படி

பழைய காரைப் பிரித்தால், முன்னால் தொட்டவன் செய்த அசட்டு வேலையெல்லாம் வெளியே வரும். என்னுடையது 1932 ஃபோர்டு. கூரையைக் கழற்றி, பெரிய எஞ்சின் மாட்டி, வறண்ட ஏரிப் படுகையில் பந்தயம் விட யாரோ ஐம்பதுகளில் கட்டியது. பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு கோழிக் கொட்டகையில் கிடந்தது. கட்டியவர் யாரென்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தொண்ணூறுகளில் மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

பயணி பக்கத் தரையில் ஓர் இரும்புப் படியைப் பற்றவைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. திட்டிக்கொண்டே அறுத்தெடுத்தேன். தரையை வழவழவென்று தேய்த்துக் கறுப்பு வர்ணம் அடித்தேன். பழைய கார்களுக்குப் பரிசு தரும் கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது.

அப்போதுதான் லொரீன் டக்கெட் வந்தார். வயது அறுபத்திரண்டு, உயரம் நாலே முக்கால் அடி. அவர் கணவர் வெர்னன் இதேபோல ஒரு கார் கட்டி, மகன் பிறந்ததும் விற்றாராம். போன வருடம் வெர்னன் இறந்ததிலிருந்து அதைத் தேடுகிறார். ஏழு கார் பார்த்தாயிற்று.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"உக்காந்தா தெரிஞ்சிடும்."

ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது.

"இதுவும் இல்லப்பா. எனக்குக் கால் எட்டாதுன்னு அவர் ஒரு படி வெச்சிருந்தார். பரவால்ல, நல்லா கட்டியிருக்கீங்க. நான் கிளம்புறேன்."

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. நடுவர்கள் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத தரை அது. ஆனால் அந்த அம்மாள் ஒன்பதாவது காரைத் தேடிப் போவார்.

"கொஞ்சம் இருங்க."

படி என் பட்டறை மூலையில்தான் இருந்தது, காபிப் பாத்திரத்தைத் தாங்கிக்கொண்டு. பாத்திரத்தை இறக்கிவிட்டு எடுத்து வந்தேன்.

"எந்தக் கழுதை வெச்சதோன்னு நான்தாங்க அறுத்துட்டேன்."

லொரீன் அதைத் திருப்பிப் பார்த்தார். மேலே குதிகால் பட்டுத் தேய்ந்த இரண்டு பள்ளங்கள்.

"அந்தக் கழுதை என் வீட்டுக்காரர்தான்," என்று சிரித்தார். பிறகு அழுதார்.

மறுபடி பற்றவைத்தபோது புது வர்ணம் கொப்பளித்துப் பொரிந்தது. கண்காட்சியில் நடுவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு சுத்தமா கட்டிட்டு, இது எதுக்கு இங்க?"

பயணி இருக்கையில் இருந்த லொரீன் இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் வைத்தார்.