துரு என்று எழுதியிருந்தேன்

அக்டோபர் 14, செவ்வாய். கொர்பா, துனிசியா.

பிழை: ரேடியேட்டரைக் கழுவியபோது வெளியே வந்த பழுப்புத் தூளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் 'துரு' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறேன். அது துரு இல்லை. நான் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கவில்லை, முகர்ந்தும் பார்க்கவில்லை. பழுப்பாக இருந்ததால் துருதான் என்று நானே முடிவு கட்டி, வாளியை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டேன்.

குறிப்பேட்டைப் பிழையில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் இயந்திரப் பழுதுபார்ப்பு மாலை வகுப்பின் விதி. மற்றவர்கள் யோசித்து யோசித்து வாரத்துக்கு ஒன்று எழுதுகிறார்கள். எனக்கு இதுவரை ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். விட்டால் கடைசியில் நடந்ததை முதலில் எழுதிவிடுவேன்.

காலை ஒன்பது மணிக்கு, ஏழாவது மேட்டுப்பாத்தியின் முடிவில், டிராக்டர் ஆவி கக்கியது. வெப்பமானியின் முள் சிவப்பில் நின்றது. நான் இஞ்சினை உடனே நிறுத்தவில்லை. ஒருவேளை முள் பொய் சொல்கிறதோ என்று பத்து வினாடியாவது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். (இதுவும் பிழைதான், சிறியது.) முன்பக்கத்திலிருந்து பச்சைத் திரவம் கொட்டி, புதிதாக ஏற்றிய மண்ணில் சின்ன ஓடைபோல ஓடியது. திங்கட்கிழமை நானே அளந்து ஊற்றிய குளிர்விப்புத் திரவம்.

டிராக்டர் வஹீதா சித்தியுடையது. ஜப்பானில் யாரோ நெல்வயலில் ஓட்டிக் கழித்துவிட்ட சின்ன வண்டி. பொத்தான்களில் உள்ள எழுத்து எங்கள் யாருக்கும் புரியாது என்பதால், சித்தி நகப்பூச்சால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள். சைப்ரஸ் மர வேலிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஒடுங்கிய நிலத்தில் பெரிய டிராக்டர் திரும்பாது. சித்தப்பா இறந்த பிறகு அந்த நிலத்தை அவருடைய தம்பி நௌஃபல் மிளகாய் போடக் கேட்டார். சித்தி மறுத்து, இந்த வண்டியை வாங்கி, ஸ்ட்ராபெரி போட்டாள். போன இரண்டு வருடமும் விளைச்சல் சரியில்லை. இந்த வருடமும் தவறினால் நிலம் நௌஃபலின் மிளகாய்க்குப் போகும் என்று குடும்பத்தார் முன்னால் அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். பதினெட்டுப் பாத்தியில் ஏழு முடிந்திருந்தது. மீதிக்கான நாலாயிரத்து நானூறு நாற்றுகள் குளிர் அறையிலிருந்து வந்து, ஈரச் சாக்குக்கு அடியில் பெட்டிகளில் கிடந்தன. வியாழக்கிழமைக்குள் மண்ணுக்குள் போகாவிட்டால் வேர் கறுத்துவிடும்.

ஆவியைப் பார்த்துவிட்டுத் தன் மிளகாய்த் தோட்டத்திலிருந்து நௌஃபல் சித்தப்பா வந்தார். அவசரப்படாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணி, தண்ணி நல்லா கொதிக்குதே. மக்ரோனிய அள்ளிப் போட்டுடலாமா?"

"உன் நாக்கப் போடு. அதுதான் சீக்கிரம் வேகும்," என்றாள் சித்தி.

அவர் குனிந்து, விசிறிக்குப் பின்னால் ஈரமாக மின்னிய இடத்தை விரலால் காட்டினார். "வாட்டர் பம்ப் போச்சு. துனிஸ்லேர்ந்து வரணும். ஒரு வாரம் ஆகும், அதுவும் கெடச்சா. ஜப்பான்காரன் பொணத்த வாங்காதீங்கன்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "போன வாரம் வரைக்கும் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ புத்தகத்தப் பாத்துக் குளிப்பாட்டினே. சளி புடிச்சுக்கிச்சு."

அதில் பொய் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, மூன்று முறை கழுவியவள் நான்தான். அதுவரை ஓடிய வண்டி அதற்குப் பிறகுதான் நின்றது. சித்தி எனக்காக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வழக்கமாக நௌஃபலின் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுப்பவள், தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் தொடக்கூடாது. முக்கால் மணிநேரம் காத்திருந்தேன். அந்த நேரம் முழுக்க வாட்டர் பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப்தான் என்று ஒப்புக்கொண்டால் நிம்மதி என்றுகூடத் தோன்றியது. பம்ப் தேய்வதற்கும் எலுமிச்சை உப்புக்கும் சம்பந்தமில்லை, பழி என்மேல் வராது. அப்படி நிம்மதியாக இருந்ததனாலேயே சந்தேகம் வந்தது. விசிறி காற்றை முன்னாலிருந்து இழுத்து இஞ்சின் பக்கம் தள்ளுகிறது. ரேடியேட்டரில் எங்கே ஒழுகினாலும் அது பறந்துபோய் பம்ப்பின்மேல்தானே விழும்? ஈரம் இருக்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதை நினைத்ததும் எழுந்துவிட்டேன். உட்காரவே முடியவில்லை.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தேன். சித்தியின் முகப்பவுடர் டப்பாவை வாங்கி, பம்ப், குழாய்கள், ரேடியேட்டரின் பின்புறம் என்று எல்லா இடத்திலும் தூவினேன். ("அடியே, பாத்து! ரோஜா வாசனை அது, டிராக்டருக்கு அலர்ஜி வரப்போகுது.") தண்ணீர் நிரப்பினேன். இஞ்சினை ஓட்டினால் விசிறி பவுடரைப் பறக்கடித்துவிடும். அதனால் ஓட்டாமலே உள்ளே அழுத்தம் ஏற்ற வேண்டும். அதற்கான கருவி வகுப்பில் இருக்கிறது, என்னிடம் இல்லை. பழைய சைக்கிள் டியூபிலிருந்து காற்றுவாயோடு ஒரு துண்டு வெட்டி, ரேடியேட்டரின் வாயில் இழுத்துப் போர்த்தி, கம்பியால் கட்டினேன். பக்கத்துச் சின்னக் குழாயை மரக்குச்சியால் அடைத்தேன். பிறகு சைக்கிள் பம்ப்பால் மெதுவாக அடித்தேன். எட்டு. ஒன்பது. பத்து.

வாட்டர் பம்ப் வெள்ளையாகவே இருந்தது. மேல்குழாயும் கீழ்க்குழாயும் அப்படியே. ரேடியேட்டரின் இடது அடிமூலையில், விசிறிக் கூட்டின் மறைவில், பவுடருக்குள் எறும்பு ஒன்று நடந்துபோனதுபோல ஒரு கருங்கோடு இறங்கியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாத்தியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நான்குபேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாம்பு என்று நினைத்தார்களாம்.

ரேடியேட்டரைக் கழற்ற ஒரு மணிநேரம் ஆனது. நாலு போல்ட்டில் ஒன்றின் தலை வழுக்கிவிட்டது (என் அவசரம்). வாய்களை அடைத்து, பாசனத் தொட்டியில் முக்கி, மறுபடி காற்றடித்தேன். அதே மூலையிலிருந்து, கீழ்த்தொட்டியும் குழல்களும் சேரும் விளிம்பிலிருந்து, ஒரு மணிமாலைபோலக் குமிழிகள் ஏறி வந்தன. அவ்வளவு அழகான ஒன்றைச் சமீபத்தில் நான் பார்க்கவில்லை. இந்த ஊர்க் கிணறுகளுக்குள் கடல் வந்துவிட்டது. அந்த உப்புத் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். பித்தளையை அரித்துவிட்டது. அப்படியானால் நான் கழுவுவதற்கு முன்னாலேயே ஓட்டை இருந்திருக்கிறது. பிறகு ஏன் ஒழுகவில்லை?

குமிழிகளோடு பழுப்புத் துணுக்குகளும் மேலே வந்து மிதந்தன. நான் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தேன். மாவு. முகர்ந்தேன். சோம்பு, வெந்தயம், வறுத்த பார்லி. சின்ன வயதிலிருந்து தினமும் காலையில் ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்துச் சாப்பிடும் ப்ஸீஸா மாவு! அந்த மாவுதான் உள்ளே வெந்து, இறுகி, ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. எலுமிச்சை உப்பு அதைக் கரைத்துவிட்டது. அதை இந்த வண்டிக்குள் போட்டிருக்கக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான். சித்தியின் கை மறுபடி முடிச்சுக்குப் போனது.

நௌஃபல் சித்தப்பா தொட்டியின்மேல் குனிந்தார். "என்னது அது மிதக்குது? என்னமோ வாசனை வருதே..."

"துரு," என்றேன் வேகமாக. ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் எழுதிய அதே வார்த்தையை இன்று தெரிந்தே சொன்னேன். "எல்லாம் பழைய துரு, சித்தப்பா."

சித்தியின் கை நின்றது.

"என்னடி சொன்னே?"

"துருன்னு..."

"துருவா? மூணு நாள் வெயில்ல காயவெச்சு, நானே நின்னு வறுத்து, கலந்து, மில்லுக்குத் தூக்கிட்டுப் போன பார்லி அது. சோம்பு மட்டும் கெலிபியா சந்தையில பொறுக்கி வாங்கினது. இந்தத் தெருவுல என் ப்ஸீஸா மாதிரி எவ வீட்டுல இருக்கு? அதப் போயி துருங்குற?"

தொட்டியில் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணி," என்றார் நௌஃபல் சித்தப்பா, மிகவும் மெதுவாக. "டிராக்டருக்குக் காலைச் சாப்பாடு போட்டீங்களா?"

"ரெண்டு கரண்டி. போன வருசம் ஜூன்ல. பதினாறு மாசம் ஒரு சொட்டு ஒழுகுச்சா? சொல்லு!"

"ஆலிவ் எண்ணெயும் ஊத்துனீங்களா?"

"நான் என்ன பைத்தியமா? இஞ்சினுக்குக் கெடுதல்னு எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "நீ கழுவுனதுல தப்பில்ல ஒல்ஃபா. நான்தான் சொல்லல. ஒழுகுதுன்னு வெளிய சொன்னா இவன் காதுல விழும். விழுந்தா ஊருக்கே விழும்."

நௌஃபல் சித்தப்பா திரும்பி நடந்தார். முடிந்தது, தெருமுனைக் காபிக்கடையில் இப்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கால்மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தபோது தோளில் எரிவாயு உருளையும் கையில் நீண்ட சுடர்க்குழாயும் இருந்தன. பெருநாளன்று தெருவில் நின்று எல்லார் வீட்டு ஆட்டுத்தலையையும் பொசுக்கிக் கொடுப்பது அவர் வழக்கம்.

"நானூறு தலை பாத்திருக்கேன். பல்லு இல்லாத தல இதுதான் மொதல்," என்றார். "எங்க காட்டணும், சொல்லு."

வகுப்பில் நான் ஈயம் பற்றவைத்தவை நான்கு. மூன்று ஒழுகின. இதை அவர்களிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. "அப்ப நாலாவதா செஞ்சியே, அதே மாதிரி செய்," என்றாள் சித்தி. விளிம்பைச் சுரண்டி, பித்தளை மஞ்சளாகத் தெரியும்வரை தேய்த்து, ஈயம் பிடிப்பதற்கான அமிலப்பசை தடவினேன். பழைய இணைப்புகள் உருகிவிடாமல் இருக்கச் சுற்றிலும் ஈரத்துணி வைத்தேன். சுடரைத் தூரத்தில் பிடிக்கச் சொன்னேன். சித்தப்பா பழக்கதோஷத்தில் கிட்டே கொண்டுவந்தார். "தூரம், தூரம்! இது பொசுங்கக் கூடாது!" நான் அவரை அதட்டியது அப்போது தெரியவில்லை, எழுதும்போதுதான் உறைக்கிறது. முதல் தடவை ஈயம் உருண்டையாகத் திரண்டு நழுவியது. இரண்டாவது தடவை பிடித்ததுபோல இருந்தது. தொட்டியில் முக்கினால் ஒற்றைக் குமிழி, நிதானமாக, எங்களைக் கேலி செய்வதுபோல வந்தது. மூன்றாவது தடவை பித்தளையே சரியாகச் சூடாகும்வரை காத்திருந்தேன். ஈயக் கம்பியை வைத்ததும் ஈயம் தண்ணீர்போலப் பரவி விளிம்புக்குள் தானாகவே இழுபட்டுப் போனது. அது உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன்!

தொட்டியில் முக்கி, காற்றடித்து, மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நான் நூறு வரை எண்ணினேன். தண்ணீரில் எங்கள் மூன்று முகங்களும் ஆடாமல் இருந்தன.

"இன்னொரு நூறு எண்ணு," என்றார் சித்தப்பா. நிலம் யாருக்குப் போகும் என்பதை அந்த நேரத்தில் அவர் மறந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு நிச்சயமில்லை.

நாலு மணிக்கு ரேடியேட்டரை மாட்டினோம். மிச்சமிருந்த பச்சைத் திரவத்தோடு கடையில் வாங்கிய புட்டித் தண்ணீரைக் கலந்து ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டேன், பிறகு பாரமில்லாமல் வேலியோரமாக இரண்டு சுற்று. முள் நடுவிலேயே நின்றது. ஆனால் பாத்திக் கலப்பையை இழுக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியாது. நடுக்குழல்களில் ப்ஸீஸா இன்னும் அடைத்திருக்கிறதா என்றும் தெரியாது. மாட்டுவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல்தான் ஓடியது. கலப்பையை மாட்டிப் பார்ப்பதற்குள், சூடாறட்டும் என்று சித்தி நிறுத்தச் சொல்லிவிட்டாள். இன்று வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த பிறகு இதுதான் முதல் முறை.

கிளம்பும்போது நௌஃபல் சித்தப்பா உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "அண்ணி, அந்த மாவு வீட்டுல மிச்சம் இருக்கா?" என்றார்.

"எதுக்கு? உன் டிராக்டரும் ஒழுகுதா?"

"எனக்குப் பசிக்குது," என்றார்.

சித்தி உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். அது முடிந்ததும், ரொட்டி மூடிவைக்கும் வெள்ளைத் துணியை எடுத்துவந்து, டிராக்டரின் அடியில், ரேடியேட்டருக்கு நேர் கீழே, சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இதை எழுதும்போது ஜன்னல் வழியாகத் துணி தெரிகிறது. நாற்றுப் பெட்டிகளின்மேல் சாக்கை ஒருமுறை நனைத்துவிட்டு வந்தேன். விடியும்வரை துணியைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று சித்தி சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நாளை, புதன்: காலை ஐந்தரைக்கு முதலில் துணியைப் பார்க்க வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து திரவ மட்டம் பார்க்க வேண்டும். பிறகு எட்டாவது பாத்தி.